சாக்கு மாறியது, கழிவு மாறவில்லை

நடுவர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, திருவிழாவுக்காக ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து பையைக்கூட மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். எதிரணியில் இருக்கும் மூவருக்கும் தனியாக ஒரு வணக்கம். அதில் ஒருவர் என் மகனுக்கு மறைக்கல்வி எடுத்த சார். பாடகர் குழுவில் எங்கள் இருவருக்கும் ஒரே மைக். இன்று அவரை எதிர்த்துப் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பக்கத்தில் நின்று பாடப் போகிறேன் என்று தெரியவில்லை.

பின்வரிசையில் இப்போதுதான் வந்தவர்கள் தலைப்பு என்ன, தலைப்பு என்ன என்று பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். 'நம் விசுவாசத்தை அதிகம் சோதிப்பது துன்ப நாளா, சாதாரண நாளா?' துன்ப நாள் என்று அவர்கள். சாதாரண நாள் என்று நாங்கள். எங்கள் அணியில் எனக்கு முன்னால் பேசியவர்கள் நாசரேத்துத் தச்சுப் பட்டறையையும், இயேசு அங்கே யாருக்கும் தெரியாமல் கழித்த முப்பது வருடத்தையும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். அதை நான் தொடவில்லை.

ஆனால் ஐயா, தலைப்பைப் பிரித்துக் கொடுத்ததிலேயே எங்களுக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. துன்பத்தைப் பற்றிப் பேசினால் கூட்டம் முந்தானையால் கண்ணைத் துடைக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணியைப் பற்றிப் பேசினால் யார் அழுவார்கள்? கொட்டாவிதான் வரும். எங்கள் வாதமே அந்தக் கொட்டாவிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரணித் தலைவர் நெல்லிக்கனியில் ஆரம்பித்தார். தருமபுரிக்காரர் மேடை ஏறினால் அதியமான் வந்தே ஆக வேண்டும், அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவர் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் கனியின் மகிமையை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒளவையிடம் சொல்லாமல் கொடுத்தான் என்றுதான் புறநானூற்றில் இருக்கிறது. சொல்லாமல் கொடுத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் எனக்குத் தேவைப்படும்.

நான் பேச்சாளர் இல்லை. புளி வியாபாரி. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாமனார் காலத்திலிருந்து புளிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பெங்களூர் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். தை பிறந்தால் சித்திரை வரைக்கும் புளி சீசன். மரத்திலிருந்து உலுக்கிய புளி மூட்டை மூட்டையாக வரும். அதைச் சுற்றுப்பட்ட கிராமத்துப் பெண்களிடம் கொடுப்போம். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை இழுத்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையை எடுத்து, சதையை மட்டும் சாக்கில் கட்டித் திருப்பிக் கொண்டுவருவார்கள். நூறு கிலோ கொடுத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே சதை வரும், மூன்றில் ஒரு பங்கு கொட்டை, மிச்சம் ஓடும் நாரும். கொட்டையையும் விடமாட்டோம். அது மாவாகி நூலுக்குக் கஞ்சி போடப் போகும். கொண்டுவரும் சதைக்குக் கிலோ கணக்கில் கூலி. மூன்று மாதம் புளியிலேயே கிடந்து அந்தப் பெண்களுக்கு நகக்கண் கறுத்து, விரல் நுனி வெடித்திருக்கும். குழம்பில் மிளகாய்த்தூள் பட்டால் துள்ளுவார்கள்.

சரி, எதிரணிக்கு வருகிறேன். இரண்டாவதாகப் பேசிய சிஸ்டர், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், ஐசியூ வாசலைப் பற்றிச் சொன்னார். அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும்போதுதான் ஒருவர் விசுவாசியா இல்லையா என்பது தெரியும் என்றார். அந்த வாசலில் நானும் நின்றிருக்கிறேன்.

7 வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சேலத்துக்கு வேனில் போய்க்கொண்டிருந்தார். தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எத்தனை வீட்டு வாசலில் அந்த இறக்கத்தால் பந்தல் போட்டிருக்கிறோம். பின்னால் வந்த லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. 41 நாள் ஆஸ்பத்திரி. அதில் 9 நாள் கண்ணே திறக்கவில்லை.

அந்த 41 நாளில் நான் செபித்த மாதிரி அதற்கு முன்னாலும் செபித்ததில்லை, பின்னாலும் செபித்ததில்லை. செபமாலை மணி விரலில் பதிந்து தடம் விழுந்தது. அன்பியத்துக்காரர்கள், அதாவது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள், முறை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாடு மூன்று வீட்டிலிருந்து வந்தது, கொழுந்தனார் கடையைப் பார்த்துக்கொண்டார், பங்கில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். புளி தட்டும் பாட்டி ஒருவர், பெயர் வேண்டாம், இரண்டு பஸ் மாறித் தூக்குப்போசியில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்தார். அவர் வேடியப்பனைக் கும்பிடுகிறவர். 'உங்க சாமிகிட்ட நீ கேளும்மா, எங்க சாமிகிட்ட நான் கேக்கறேன்' என்று சொல்லிவிட்டு, போகும்போது என் கையில் ஒரு முடிச்சைத் திணித்தார். பிரித்துப் பார்த்தால் இருநூறு ரூபாய். எல்லாம் பத்தும் இருபதுமாக.

இப்போது சொல்லுங்கள் ஐயா, அந்த 41 நாளில் என் விசுவாசம் சோதிக்கப்பட்டதா? தாங்கிப் பிடிக்கப்பட்டது. கீழே விழ நான் நினைத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். ஆண்டவரைப் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையும் இல்லை, வேறு வழியும் இல்லை. வேறு வழியில்லாமல் பிடித்ததை நான் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன்.

துன்பத்தில் விசுவாசத்தை விட்டவர்கள் இல்லையா என்று சிஸ்டர் கேட்டார். இருக்கிறார்கள். என் சித்தி மகள் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு கோயில் படி ஏறுவதில்லை. அவளைப் பற்றி இந்த மேடையில் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். அவள் ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். சண்டை போடுகிறவளுக்கு எதிரில் ஆள் இருப்பது தெரியும். எனக்குப் பயம், எதிரில் ஆள் இருப்பதே மறந்துபோய் வாரத்துக்கு ஒருமுறை ஜோராகப் பாடிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். மறுநாளே பால் பாக்கெட், பாய், துணி என்று இங்கிருந்து கிளம்பினோம். அது துன்ப நாள். கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது, ஓடி வருகிறோம்.

ஆனால் இந்த மண்ணை அதிகம் வாட்டிய தண்ணீர் வெள்ளமா ஐயா? நம் ஊர் போர்வெல்களில் ஃப்ளோரைடு இருந்ததே, அதற்கு நிறம் உண்டா, வாடை உண்டா? ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். ஒன்றரை மில்லிகிராம் எந்த நாக்குக்குத் தெரியும்? நல்ல தண்ணீர் என்றே நம்பிக் குடித்தோம், குழந்தைக்கும் கொடுத்தோம். பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகு மஞ்சள், அப்புறம் பழுப்புக் கோடு. வயதானவர்களுக்கு முதுகு மடங்கவில்லை, முட்டி மடங்கவில்லை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்த பிறகும், அதற்கு முன்னால் கறை ஏறிய பல் வெளுக்கவில்லை. சாதாரண நாள் என்று நான் சொல்வது இந்தத் தண்ணீரை. ஒரு சொம்பில் ஒன்றும் ஆகாது. தினமும் ஒரு சொம்பு.

என் சொம்பு எது என்று சொல்கிறேன். வீட்டுக்காரர் முன்வரிசையில்தான் இருக்கிறார், அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அரை மனதாகத்தான் கொடுத்தார்.

உரித்த புளியைச் சாக்கோடு தராசில் வைப்போம். வருகிற எடையில் சாக்குக்காக ஒரு கிலோ கழிப்போம். சாக்குக் கழிவு என்று அதற்குப் பெயர். மாமனார் காலத்தில் வந்தது சணல் சாக்கு. கெட்டியான சாக்கு, புளி ஈரம் ஏறினால் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அவர் கழித்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. அப்புறம் பிளாஸ்டிக் சாக்கு வந்தது, யூரியா மூட்டை வருமே, அது. கையில் எடுத்தால் காற்றில் பறக்கும். சாக்கு மாறியது, கழிவு மாறவில்லை. யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை ஐயா. 'இனிமேல் ஏழைகளை ஏமாற்றுவோம்' என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. சாக்கு ஒன்று, கழிவு ஒன்று என்று வாய் தானாகச் சொல்லும், கை தானாக எழுதும்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. சீசன் முடிவில் கணக்குப் பார்த்தால், கொடுத்த புளிக்கும் எழுதி வாங்கிய சதைக்கும் இடிக்கும். இடிக்காமல் என்ன செய்யும்? மூட்டைக்கு ஒரு கிலோவை நாமே எழுதாமல் விட்டிருக்கிறோமே. ஆனால் அதற்கு யாரைக் கேட்போம் தெரியுமா? அந்தப் பெண்களைத்தான். 'என்னம்மா, குறையுதே, வீட்டுல எடுத்து வச்சுக்கிட்டீங்களா' என்று சிரித்துக்கொண்டே கேட்போம். நானே கேட்டிருக்கிறேன்.

4 வருடத்துக்கு முன்னால், குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. தவக்காலமும் புளி சீசனும் வருடா வருடம் ஒன்றாகத்தான் வரும். சாம்பல் புதனிலிருந்து நான் கவுச்சி தொடவில்லை, வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு. மறுநாள் குருத்தோலைப் பவனிக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தொண்டைக்குக் கற்கண்டு வாயில் போட்டிருந்தேன். அந்தப் பாட்டி, ஆஸ்பத்திரிக்குக் களி கொண்டுவந்தாரே அவர்தான், மூட்டையைத் தராசில் வைத்தார். 31 கிலோ 400. நான் 30 கிலோ 400 என்று எழுதினேன். அவர் நகரவில்லை.

'ஏம்மா, அந்தச் சாக்கைக் கொட்டிட்டு, வெறும் சாக்கை ஒரு தடவை போட்டுப் பாரேன்' என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். 'எதுக்குப் பாட்டி, எப்பவும் போலத்தானே' என்றேன். 'பேத்திக்கு ஃபீஸ் கட்டணும்மா, இன்னிக்கு ஒரு ரூபா விட முடியாது' என்றார். சரி என்று சாக்கைக் கவிழ்த்து, உதறி, மடித்துத் தராசில் வைத்தேன். சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றன. பூஜ்யம் புள்ளி ஒன்று மூன்று பூஜ்யம். நூற்று முப்பது கிராம்.

அந்தத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட்டு வாங்குகிறோம் ஐயா. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், பக்கத்தில் திரு இருதயப் படம். தராசு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அது 31 கிலோ 400 என்றுதான் சொன்னது. கழித்தது நான்.

அன்று ராத்திரி பழைய நோட்டுகளை எடுத்தேன். சுமாராக முப்பது பெண்கள், வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு மூட்டை, பன்னிரண்டு வாரம். 720 மூட்டை. மூட்டைக்கு 870 கிராம் என்றால் ஒரு சீசனுக்கு 600 கிலோவுக்கு மேல். 600 கிலோ உரித்த புளியை ஒரு பைசா கூலி கொடுக்காமல் விற்றிருக்கிறேன். அப்படி நான் கணக்கு எழுத வந்து 11 சீசன். பழைய வருடங்களில் கூலி குறைவு என்று தள்ளிப் பார்த்தாலும் 60,000 ரூபாய்க்குக் கீழே வரவில்லை. நோட்டைப் புரட்டும்போது அந்த ஆஸ்பத்திரி வருடமும் வந்தது. பாட்டி எனக்கு இருநூறு ரூபாய் கொடுத்த அதே வாரம். அவர் பெயருக்கு நேரே இரண்டு மூட்டை, கழிவு இரண்டு கிலோ.

ஐசியூ வாசலில் நான் மண்டிபோட்டுக்கொண்டிருந்தபோது இங்கே பேட்டையில் இது நடந்துகொண்டிருந்தது. துன்ப நாளின் பரிட்சையில் நான் பாஸ். அதே வாரத்தில் அடுத்த அறையில் இன்னொரு பரிட்சை நடந்தது, நான் உட்கார்ந்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

இதைத்தானே ஐயா மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில், கடைசித் தீர்ப்பு நாளைப் பற்றிப் படிக்கிறோம்? பசித்தவருக்குச் சோறு போட்டு வலப்பக்கம் நிற்பவர்களும் 'ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியோடு பார்த்தோம்' என்று கேட்கிறார்கள். போடாமல் இடப்பக்கம் நிற்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆச்சரியம். ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் அது சாதாரண நாள்.

எதிரணித் தலைவர் யோபுவைக் கொண்டுவந்தார், சொத்தும் பிள்ளைகளும் உடல்நலமும் போயும் கடவுளை விடாத பைபிள் மனிதர். யோபுவைக் கொண்டுவராமல் துன்ப அணி ஜெயிக்க முடியாது. ஆனால் சார், யோபு புத்தகத்தை முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும் மட்டும் படித்தால் போதாது. 31-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். சாம்பலில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் புண்ணோடு, அவர் தன் பக்கத்து வாதத்தைக் கடைசியாக எடுத்து வைக்கிறார். எதை வைக்கிறார்? 'பார், எவ்வளவு வலியைத் தாங்கினேன்' என்றா? இல்லை. என் வேலைக்காரரும் வேலைக்காரியும் என்மேல் வழக்குக் கொண்டுவந்தபோது அவர்களுடைய நியாயத்தை நான் தள்ளினேனா என்கிறார். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நிலத்தின் விளைச்சலைத் தின்றேனா என்கிறார். இதற்கெல்லாம் முன்னால், ஆறாம் வசனத்தில், ஒரு வரி இருக்கிறது. நேர்மையான தராசில் கடவுள் என்னை நிறுத்துப் பார்க்கட்டும் என்கிறார்! துன்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு யோபு சாட்சிக்குக் கூப்பிடுவது தன்னுடைய சாதாரண நாட்களை. எதிரணியின் பெரிய சாட்சி எங்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டார் ஐயா.

ஆமோஸ் இறைவாக்கினர் இன்னும் பச்சையாகச் சொல்கிறார். அவர் குருகுலத்தில் வளர்ந்தவர் இல்லை. ஆடு மாடு மேய்த்தவர், காட்டத்தி மரம் பார்த்தவர். நம்மைப் போல மரத்தை நம்பிப் பிழைத்த ஆள். 8-ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது தானியக் கடையைத் திறக்கலாம், மரக்காலைச் சிறிதாக்கலாம், கள்ளத் தராசால் ஏமாற்றலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகளைக் காட்டுகிறார். நான் முதன்முறை அதைக் கவனித்துப் படித்தபோது ஒன்று உறைத்தது. அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். மறையுரை நேரத்தில் புளி என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போட்டது தனிக் கதை.

மூன்றாவதாகப் பேசியவர் புனித தேவசகாயத்தைச் சொன்னார். 1752 ஜனவரி 14, காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டது. 2022 மே 15-ல் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டது. தேதியெல்லாம் சரியாகச் சொன்னார், கைதட்டினேன். ஆனால் அந்தத் துன்பம் ஏன் வந்தது என்று வேகமாகத் தாண்டிவிட்டார். 1745-ல் ஞானஸ்நானம் வாங்கிய பிறகு அவர் சாதி பார்க்காமல் எல்லோரும் சமம் என்று வற்புறுத்தினார், மேலே இருந்தவர்களுக்கு அதுதான் ஆத்திரம் மூட்டியது. யாரோடு உட்காருவது, யாரோடு சாப்பிடுவது. இது தினசரிக் கேள்வி, துப்பாக்கி வந்தது பின்னால். அந்தத் தினசரிக் கேள்வியில் அவர் வழுக்கியிருந்தால் காற்றாடிமலைக்குப் போகவே வேண்டியிருந்திருக்காது. அவர் படத்தை வாங்கி வீட்டில் மாட்டியிருக்கிறோம், நல்லது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, வேலைக்கு வருகிற அம்மாவுக்கு எந்த டம்ளரில் காபி கொடுக்கிறோம்? நம் ஊர்ப்பக்கம் எலத்தகிரி, கோவிலூர் என்று தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் இருக்கிறோம். தருமபுரி மறைமாவட்டம் உண்டானது 1997-ல்தான், டம்ளர் அதற்கு ரொம்ப முந்தியது. யாரும் சிரிக்கவில்லை. சரி, மேலே போகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. இரண்டு நிமிடம் கொடுங்கள், கதையைப் பாதியில் விட்டால் அந்தப் பாட்டிக்கு மரியாதை இல்லை.

அந்தப் புனித வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார் என்று காத்திருந்தால், சாமியார் ஒரே கேள்விதான் கேட்டார். 'திருப்பிக் கொடுத்துட்டியாம்மா?' வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதை லூக்கா எழுதியிருக்கிறார். நான்கு மடங்குக்கு என்னிடம் வழியில்லை. ஒரு மடங்கை இரண்டு சீசனாகப் பிரித்துக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு வர ஒரு மாதம் சண்டை. அதற்கு முந்தைய வருடம்தான் கோயில் கொடிமரத்துக்கு 15,000 ரூபாய் கொடுத்திருந்தோம், கல்வெட்டில் பெயர் இருக்கிறது, வெளியே போகும்போது பாருங்கள். யார் பணம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இங்கேதான் நெல்லிக்கனி வருகிறது. எப்படிக் கொடுப்பது? முதலில் நான் நினைத்தது, ஒன்றும் சொல்லாமல் கூலியை ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்று. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்று எனக்கு நானே வசனமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டேன். அப்படிக் கொடுத்தால் புண்ணியவதி என்று பெயர் வரும். பாக்கி என்று சொல்லிக் கொடுத்தால் இவ்வளவு நாள் திருடினாள் என்று பெயர் வரும். அதியமான் சொல்லாமல் கொடுத்தான், உண்மை. ஆனால் அவன் கொடுத்தது கொடை. நான் கொடுக்க வேண்டியது கடன். கடனைச் சொல்லித்தானே ஐயா கொடுக்க வேண்டும்?

ஒரு செவ்வாய்க்கிழமை. நிஜமாகவே செவ்வாய்க்கிழமைதான், தலைப்புக்காகச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்து, 'டீ குடிக்கிறீங்களா' என்று கேட்டேன். இரண்டாவது முறை வாயைத் திறந்து, வெயிலைப் பற்றிப் பேசினேன். தொப்பூரில் ரத்தத்தோடு அவரைப் பார்த்தபோதுகூட என் நாக்கு அப்படி ஒட்டவில்லை. மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன். சாக்கு 130 கிராம், நான் கழித்தது ஒரு கிலோ, இத்தனை வருட பாக்கி இவ்வளவு, இந்த சீசனிலிருந்து கொடுக்கிறேன்.

யாரும் அழவில்லை, யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் சிரித்தார். 'எங்களுக்குத் தெரியும்மா. எல்லா இடத்திலயும் அப்படித்தானே.' அவர்களுக்குத் தெரியும்! 11 வருடமாகத் தெரிந்துகொண்டே மூட்டையை வைத்து, நான் கழிப்பதைப் பார்த்து, சேசுவே என்று படத்துக்கு நான் சூடம் ஏற்றாத குறையாகக் கும்பிடுவதையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொரு பெண், 'எதுக்கும்மா திடீர்னு, வார்டு எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா' என்றார். பேட்டையில் மற்ற வியாபாரிகள், மார்க்கெட்டைக் கெடுக்கிறீர்கள் என்று இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்ட நான்கு பேரின் விலாசம் கிடைக்கவில்லை. ஒருவர் இறந்துபோயிருந்தார், மகனிடம் கொடுத்தேன், அவன் அதை என்ன செய்தான் என்று கேட்காதீர்கள். இதுதான் நடந்தது. சாட்சி சொல்லும் கூட்டத்தில் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை, புறா எதுவும் இறங்கவில்லை.

எதிரணி என் கதையையே எடுத்து, பார்த்தீர்களா, இந்த அம்மாவுக்கு இதுதான் துன்பம் என்று தொகுப்புரையில் திருப்புவார்கள். சார் இப்போதே குறிப்பு எழுதுகிறார். எழுதுங்கள் சார். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். இந்தச் சோதனையை எனக்குக் காட்டிக் கொடுத்தது நோயும் இல்லை, சாவும் இல்லை. பேத்திக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்த ஒருவர், வரிசையை நிறுத்தி, வெறும் சாக்கை எடை போடச் சொன்னார். அன்று அவர் வாயைத் திறக்காமல் போயிருந்தால், இன்று நான் இதே மேடையில் நின்று, இதே சேலையில், துன்ப நாள்தான் பெரிய சோதனை என்று உங்களைவிட நன்றாகப் பேசியிருப்பேன்.

இப்போது எங்கள் கடையில் சாக்குக் கழிவு என்று ஒரு தொகை கிடையாது. கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் தனியாக எடை போட்டு, வருவதை எழுதுகிறோம். மற்றவர்கள் எல்லாம் நான் எழுதுவதைப் பார்க்காமலே தட்டோடு டீயை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பாட்டி மட்டும் இன்னும் நம்பவில்லை. மூட்டையைக் கவிழ்த்ததும் நான் கை நீட்டுவதற்குள் சாக்கை அவரே உதறி, அவரே மடித்து, அவரே தராசில் வைக்கிறார். சிவப்பு எண் ஆடி நிற்கும்வரை கண்ணை எடுப்பதில்லை. அப்புறம்தான் என்னைப் பார்த்து, 'ம், எழுதிக்கோ' என்கிறார்.

சீசன் தொடங்கிவிட்டது. நாளைக் காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தீர்ப்பைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் ஐயா, நான் போய்த் தராசைத் துடைத்து வைக்க வேண்டும். நன்றி, வணக்கம்.